நான் எழுதிய மந்திரம் பலித்தபோது

"மேடம், அந்தச் சிப்பி மந்திரக் கதை எழுதினது நீங்கதானே?"

ஞாயிற்றுக்கிழமை காலை. குக்கர் இரண்டாவது விசில் அடித்திருந்தது. தெரியாத நம்பர், தெரியாத பெண் குரல்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. கதையின் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று மனசு தானாகவே முடிவு செய்துவிடும். நானும் அடுப்பை அணைத்துவிட்டு, நாற்காலியில் வசதியாக உட்கார்ந்துகொண்டு, "ஆமாம்மா... சொல்லுங்க" என்றேன்.

"என் பிள்ள பத்து நாளா ஒழுங்காச் சாப்பிட மாட்டேங்கா. அவ அப்பாகிட்ட பேச மாட்டேங்கா. எல்லாம் உங்க புக்காலதான். நீங்களே வந்து அது பொய்யின்னு அவகிட்ட சொல்லிட்டுப் போங்க."

வசதியாக உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். கப்பல் சரக்கு கிளியரிங் ஆபீஸில் முப்பது வருடம் டைப் அடித்து ஓய்வு பெற்ற பிறகு, பெரியவர்களுக்கு வாரம் ஒருமுறை இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு எப்போதாவது ஒரு கதை. போன வருடம் அப்படி ஒன்று வந்தது. சின்னப் புத்தகம்தான். கடலுக்குப் போன அப்பாவின் படகு திரும்பி வரவில்லை. மகள் கடலைப் பார்த்து ஏழு சிப்பிகளை வரிசையாக வைத்து, ஏழு நாள் ஒரு மந்திரம் சொல்கிறாள்.

'ஏழு சிப்பி, ஏழு அலை...
போன வழி மூடு, வீட்டு வழி திற!'

ஏழாம் நாள் அப்பா வந்துவிடுகிறார். சிரித்துக்கொண்டே கரையில் குதித்து இறங்குகிறார், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல். கதைதானே... என் கையில்தானே பேனா இருக்கிறது?

அந்தப் புத்தகத்தை ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். அங்கே இருந்த டீச்சரிடம்தான் இந்தப் பெண் என் நம்பரை வாங்கியிருக்கிறாள். பெயர் ரீத்தா. வீடு கடற்கரையை ஒட்டிய திரேஸ்புரம். மகள் பெயர் ஜோவிட்டா. வயது ஒன்பது.

ரீத்தா போனில் சொன்னது இதுதான்.

அவள் கணவன் மிக்கேல் மஸ்கட்டில் வெல்டர். போய் இரண்டரை வருடம். 'கிறிஸ்துமஸுக்கு வாரேன்' என்பார், வர முடியாது. 'ஈஸ்டருக்கு வாரேன்' என்பார், அதுவும் நடக்காது. ஜோவிட்டா என் புத்தகத்தைப் படித்திருக்கிறாள். கடற்கரையில் ஏழு சிப்பி பொறுக்கியிருக்கிறாள். தினமும் சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய், கடலைப் பார்த்து வரிசையாக வைத்து, மந்திரத்தைச் சொல்லியிருக்கிறாள். வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஆறாம் நாள் மிக்கேல் வேலை செய்துகொண்டிருந்த சாரத்தில் இருந்து கீழே விழுந்துவிட்டார். வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. ஏழாம் நாள் வீட்டுக்குப் போன் வந்தது. ஆபரேஷன் செய்து, பிளேட் வைத்து, மூன்று வாரம் கழித்துக் கம்பெனிக்காரர்கள் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்பா வந்துவிட்டார். கையில் மாவுக்கட்டோடு.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் இருந்து வேன் வந்து வாசலில் நின்றதும், ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஜோவிட்டா அந்தக் கட்டைப் பார்த்தாள். திரும்பி வீட்டுக்குள் ஓடிவிட்டாள். அன்றிலிருந்து அப்பா இருக்கிற அறைக்குள் கால் வைக்கவில்லை.

"நேத்து அவ ஸ்கூல் பையைத் துவைக்க எடுத்தேன் மேடம். அடியில ஏழு சிப்பியும் உங்க புக்கும் இருக்கு. என்னளா இதுன்னுதான் கேட்டேன். அப்படியே தரையில உக்காந்து அழுதுட்டா. 'நான்தாம்மா அப்பாவைத் தள்ளிவிட்டேன்'னு சொல்லுதா."

சாயங்காலமே வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

எத்தனை கூட்டத்தில் எத்தனை பெற்றோர் கேட்டிருக்கிறார்கள் - மந்திரம், மாயம் என்று பிள்ளைகளுக்குக் கதை கொடுக்கலாமா? என்னிடம் எப்போதும் ஒரு ரெடிமேட் பதில் இருக்கும். "கதை எது, நிஜம் எதுன்னு பிள்ளைகளுக்கு நம்மளைவிட நல்லாவே தெரியும்!" உடனே கைதட்டல் விழும். நானும் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன்.

அந்தக் கைதட்டலை எல்லாம் திரேஸ்புரத்துக்கு எடுத்துக்கொண்டு போகவா முடியும்?

சாயங்காலம் ஸ்கூட்டியில் போனேன். மீன் ஏலம் முடிந்து தெரு காலியாக இருந்தது. கதவைத் திறந்தது மிக்கேல்தான். நாற்பது வயது இருக்கும். வெயிலில் கறுத்த முகம். இடது கையால் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். டீச்சர் அனுப்பி, பிள்ளையைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று ரீத்தா சொல்லி வைத்திருந்தாள்.

"பிள்ளைக்கு என்னைய அடையாளம் தெரியல போல மேடம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "ரெண்டரை வருசம்லா ஆச்சு. வீடியோ கால்ல அப்பா அப்பான்னு அந்தப் பேச்சு பேசுவா. நேர்ல வந்தா கிட்ட வர மாட்டேங்கா. சில நேரம், அங்கனயே இருந்திருக்கலாமோன்னு தோணுது."

அவர் பிள்ளை ஏன் கிட்டே வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால், 'அப்பாகிட்ட சொல்லிராதீங்கம்மா' என்று அவள் ரீத்தாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். பிள்ளை எங்கே என்று மட்டும் கேட்டேன்.

ஜோவிட்டா மாடியில் இருந்தாள். தண்ணீர்த் தொட்டி நிழலில், முழங்காலைக் கட்டிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் கதை வாசித்தபோது முதல் வரிசையில் உட்கார்ந்து, வாயைப் பிளந்து கேட்ட பிள்ளை. எனக்கு முகம் நினைவு இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துத்தான் வந்திருந்தேன்.

"ஜோவிட்டா, அந்த மந்திரம் நான் உண்டாக்குனது. எங்க வீட்டு டைனிங் டேபிள்ல உக்காந்து, காபி குடிச்சுக்கிட்டே எழுதுனது. பழைய ஓலையில கண்டுபிடிச்சதும் இல்ல, முனிவர் யாரும் சொல்லிக் குடுத்ததும் இல்ல. அது பொய்ம்மா."

அவள் யோசித்தாள். பிறகு கேட்டாள்.

"பொய்யின்னா எதுக்கு ஆன்ட்டி எழுதுனீங்க?"

ஒத்திகையில் இந்தக் கேள்வி இல்லை.

"அது... ஒரு ஆசைக்கும்மா. அப்பா வந்தா நல்லாருக்குமேன்னு நினைக்கிற பிள்ளைங்களுக்கு, படிக்கும்போது சந்தோசமா இருக்கும்னு..."

"எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. அதான் சொன்னேன். ஆறு நாள் சொன்னதும் அப்பா விழுந்துட்டாரு." அவள் குரல் இறங்கிவிட்டது. "போன வழி மூடுன்னு சொன்னேம்லா ஆன்ட்டி. அதான் கை உடைஞ்சிருச்சு. இனி அப்பா வெல்டிங் வேலைக்கு அங்க போக முடியாதாம். வழி மூடிருச்சு."

'போன வழி மூடு.' அந்த வரியை எழுதும்போது எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். 'திற' என்று முடிகிறதே, அதற்கு முன்னால் 'மூடு' என்று வந்தால் சொல்ல நன்றாக இருக்குமா? இரண்டு முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. மூடினால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. ஒன்பது வயசுப் பிள்ளை யோசித்திருக்கிறாள்.

"அது தற்செயலா நடந்ததும்மா" என்றேன். தற்செயல் என்ற வார்த்தை எனக்கே வழவழவென்று இருந்தது.

அவள் பாவாடைப் பையில் கைவிட்டு ஒரு பென்சிலையும், நோட்டில் கிழித்த ஒரு தாளையும் எடுத்தாள். என் மடியில் வைத்தாள்.

"கையைச் சரியாக்குற மந்திரம் ஒண்ணு எழுதுங்க ஆன்ட்டி. நீங்க எழுதுனாப் பலிக்கும்."

உங்களிடம் மறைப்பானேன்? ஒரு நிமிடம் சபலம் வந்தது. இரண்டு வரி. ஐந்து நிமிட வேலை. ஆறு வாரத்தில் எலும்பு எப்படியும் கூடிவிடும். மந்திரம் பலித்ததாகவே நினைத்துக்கொள்வாள். அழுகை நிற்கும், சாப்பிடுவாள், ரீத்தாவும் என்னைத் திட்ட மாட்டாள். எல்லோருக்கும் நல்லது... இல்லையா?

ஆனால் கை முழுசாகச் சரியாகவில்லை என்றால்? அதற்கும் இந்தப் பிள்ளை தன்னையேதானே குற்றம் சொல்லிக்கொள்வாள்?

தாளைத் திருப்பிக் கொடுத்தேன். "எனக்குத் தெரியாதும்மா. நிஜமாவே எனக்கு மந்திரம் ஒண்ணும் தெரியாது."

அப்போதுதான் அவள் சத்தம் போட்டு அழுதாள். எழுதியவளுக்கே தெரியாது என்றால் இனி யாரிடம் போவது? அவள் இடத்தில் நான் இருந்தாலும் அழுதிருப்பேன்.

படியில் நின்றிருந்த ரீத்தா மேலே வந்து மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். என்னைத் திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளுடைய கண்ணும் கலங்கியிருந்தது.

"அக்கா..." என்றாள். போனில் மேடமாக இருந்தவள் எப்போது அக்கா ஆனேன் என்று தெரியவில்லை. "உங்களை மட்டும் குத்தம் சொல்லுதேன். நானும்தான் மாதா கோயில்ல ஒம்பது நாள் ஜெபம் வச்சேன். 'எப்படியாவது அவரை வீட்டுக்குக் கொண்டாந்து சேத்துரு தாயே'ன்னு. 'எப்படியாவது'ன்னு கேட்டிருக்கக் கூடாதோக்கா? அந்தப் போன் வந்ததுல இருந்து அந்த ஒத்த வார்த்தைதான் என்னைப் போட்டு அறுக்கு."

ஜோவிட்டா அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

அந்த வீட்டில் ஒரே தப்பை இரண்டு பேர் செய்ததாக நினைத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒருத்தருக்குத் தெரியாமல் இன்னொருத்தர் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்கள். இதில் ரீத்தா மந்திரக் கதை எதுவும் படித்தவள் இல்லை.

"ஜோவிட்டா, அப்பாகிட்ட சொல்லிருவோமா?" என்றேன்.

"வேண்டாம். என்னைய வெறுத்துருவாங்க."

"நான் கூட வாரேன். எழுதினது நான்தானே? முதல் திட்டு எனக்குத்தான் விழும். மிச்சம் இருந்தா உனக்கு."

 அம்மாவைப் பார்த்தாள். பிறகு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினாள்.

மிக்கேல் இடது கையால் மொபைலைத் தடவிக்கொண்டிருந்தார். மகள் அறைக்குள் வந்ததைப் பார்த்ததும் மொபைலைக் கவிழ்த்து வைத்தார். ஜோவிட்டா வாசற்படியைத் தாண்டி ஒரு அடி வந்து நின்றாள். தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். சிப்பி, மாடி, ஆறு நாள், போன வழி மூடு... எல்லாம். ஒரு வார்த்தை விடவில்லை.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார். சிரித்தபடியே அவள் முகத்தைப் பார்த்தவருக்கு அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"ஏளா... இதுக்கா கிட்ட வராம இருந்த?"

அவள் தலையாட்டினாள்.

"இங்கன வா."

வரவில்லை.

"சரி, அங்கனயே நில்லு. நான் ஒண்ணு சொல்லுதேன். எங்க கேம்ப்ல ஒரு ரூமுக்கு எட்டுப் பேரு. எட்டுப் பேரும் காலையில எந்திரிச்சதும் என்ன நினைப்போம் தெரியுமா? வீட்டுக்குப் போயிரணும். ராமநாதபுரத்துக்காரர் ஒருத்தர் தினமும் சத்தமாவே சொல்லுவாரு. வீட்டுக்குப் போகணும்னு நினைச்சவன்லாம் கீழ விழுவான்னா, எங்க கேம்ப்ல நிக்கதுக்கு ஒரு ஆள் இருக்க மாட்டான்ளா!"

ஜோவிட்டா நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களும் நினைச்சீங்களாப்பா?"

"தினமும்தான்."

"விழுந்த அன்னைக்கு?"

"அன்னைக்கும் நினைச்சேன்."

"பின்ன எப்படி விழுந்தீங்க?"

போலீஸ் விசாரணை மாதிரிதான் இருந்தது. அவரும் பொறுமையாகப் பதில் சொன்னார். "சாரத்துல பலகையை ஒழுங்காக் கட்டல. ஒரு பக்கம் கட்டு தளர்ந்து கிடந்துச்சு. நான் பாக்காமக் கால வச்சேன். பலகை புரண்டுருச்சு."

"ஏன் பாக்கல?"

"தலையில வெல்டிங் மூடி போட்டிருந்தேன். கழத்திட்டுப் பாத்திருக்கணும். சோம்பேறித்தனம். என் தப்பு பாதி, பலகையைக் கட்டுனவன் தப்பு பாதி."

அவள் அதை மனசுக்குள் கூட்டிப் பார்ப்பது தெரிந்தது. பாதியும் பாதியும். மிச்சம் எதுவும் இல்லை.

"அப்போ... நான் இல்லையா?"

"நீ எங்கன வந்த? விசா இருந்துச்சா உனக்கு?"

முதலில் சிரித்தது வாசலில் நின்ற ரீத்தா. பிறகு ஜோவிட்டா. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. மெதுவாக நடந்து வந்து, ஒரு விரலால் அந்த மாவுக்கட்டைத் தொட்டாள். சூடான தோசைக்கல்லைத் தொடுகிற மாதிரி, தொட்டுத் தொட்டு எடுத்தாள். அவர் இடது கையால் அவளை வளைத்துப் பிடித்துக்கொண்டார். ரீத்தாவைப் பார்த்து, "நீயும் இப்படி ஏதாச்சும் செஞ்சு வச்சிருக்கியா?" என்று சும்மா கேலியாகத்தான் கேட்டார். ரீத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அவளும் பிறகு சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். அது நான் உட்கார்ந்து கேட்கிற விஷயம் இல்லை.

எனக்கு விழ வேண்டிய திட்டு விழவே இல்லை. டீ மட்டும் கிடைத்தது. கிளம்பும்போது ரீத்தா சொன்னாள். "புக்கை அவ வச்சுக்கிடட்டும்க்கா. ஆனா நான் பக்கத்துல இருந்தாத்தான் படிக்கணும். இருந்தாலும்... எனக்கு அந்தக் கதை பிடிக்கல." சரி என்றேன். எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன?

திரும்பி வரும்போது பீச் ரோட்டில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். தூரத்தில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கப்பல்கள். எனக்கு என் அண்ணன் ஞாபகம் வந்தது.

எட்டு வயதில் ஒரு நாள் அவன் என் ஜியாமெட்ரி பாக்ஸை உடைத்துவிட்டான். 'உனக்குக் காய்ச்சல் வரட்டும்' என்று மனசுக்குள் நினைத்தேன். அந்த வாரமே அவனுக்கு அம்மை போட்டது. வாசலில் செருகியிருந்த வேப்பிலையைப் பார்க்காமல் இருக்க, கொல்லை வழியாகவே போய் வந்தேன். நான்தான் செய்தேன் என்று நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. அவன் எழுந்து கிரிக்கெட் ஆடப் போன பிறகும் சொல்லவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவன் தெரிந்துகொள்ளப் போகிறான்.

அந்த வயதில் நான் ஒரு மந்திரக் கதையும் படித்ததில்லை.

பிள்ளைகளின் மனசுக்குள் மந்திரம் நாம் கொண்டுபோய் வைப்பது இல்லை. நினைத்தால் நடந்துவிடும் என்ற பயமும் ஆசையும் அங்கே முதலிலேயே இருக்கிறது. ஆனால் அதை வைத்து நான் தப்பித்துக்கொள்ள முடியாது. ஜோவிட்டாவின் ஆசைக்கு வார்த்தை கொடுத்தது நான். 'மூடு' என்ற வார்த்தை என்னுடையது.

ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கிறது. அவளுடைய மந்திரத்துக்கு ஒரு அட்டை இருந்தது. அட்டையில் ஒரு பெயர் இருந்தது. பையைத் துவைக்கும்போது அம்மாவின் கையில் அது அகப்பட்டது. போன் போட்டுத் திட்ட ஒரு ஆள் இருந்தது. என்னுடையதற்கு இது எதுவும் இல்லை. அதனால்தான் அது இத்தனை வருடம் என்னோடேயே இருந்துவிட்டது.

இப்போதெல்லாம் யாராவது மந்திரக் கதை கொடுக்கலாமா என்று கேட்டால் அந்த ரெடிமேட் பதிலை நான் சொல்வதில்லை. கொடுங்கள் என்கிறேன். கொடுத்துவிட்டு, பிள்ளை அதை வைத்து என்ன செய்கிறாள் என்றும் கொஞ்சம் கேளுங்கள் என்கிறேன். மாடிக்கு எதற்குப் போகிறாள், பையில் என்ன வைத்திருக்கிறாள்... திட்டுவதற்காக இல்லை, சும்மா கேளுங்கள். இதற்குக் கைதட்டல் விழுவதில்லை. பரவாயில்லை.

போன வாரம் அவர்கள் மூன்று பேரையும் மார்க்கெட் பக்கம் பார்த்தேன். மிக்கேலுக்குக் கட்டு அவிழ்த்தாகிவிட்டது. மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை. தருவைகுளத்தில் படகு கட்டுகிற இடத்தில், பக்கத்தில் நின்று வேலை சொல்லிக் கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்களாம். மஸ்கட்டில் வாங்கினதில் பாதிகூட வராது என்றார். வீட்டுச் சாப்பாடு கிடைக்கிறது என்றும் சொன்னார். மகள் அவருடைய அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவரும் ரீத்தாவும் தக்காளி பொறுக்கப் போனதும், ஜோவிட்டா என் காதருகே வந்தாள்.

"அப்பா இனிமே மஸ்கட் போகலயாம் ஆன்ட்டி!"

 குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "நீ மறுபடியும் மந்திரம் எதுவும் சொன்னியா?"

"சேச்சே... இல்ல ஆன்ட்டி" என்றாள். "ஆசை மட்டும்தான் பட்டேன்."

இதுக்கு நான் பொறுப்பில்லை ரீத்தா... சத்தியமாக!